மேலே நின்ற ஆள்

எங்கள் ஆலையில் துடைப்பத்துக்குக்கூட ஓர் இடம் உண்டு, ஐயா. சுவரில் துடைப்பத்தின் உருவத்தைக் கறுப்பு வண்ணத்தில் வரைந்து, அதன் தலையில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன். துடைப்பம் அங்கே இல்லையென்றால் அந்த நிழல் மட்டும் தெரியும். யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், இன்னும் திருப்பி மாட்டவில்லை என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். மண்வெட்டிக்கும் அப்படித்தான், கூடைக்கும் அப்படித்தான். நான் வரைந்துகொண்டிருந்தபோது களத்துப் பெண்கள் சிரித்தார்கள். ஒரு மாதம் கழித்து யாரும் துடைப்பத்தைத் தேடி அலையவில்லை. சிரிப்பும் நின்றுபோனது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், என்னைப் பொறுப்பில்லாதவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதுதான். கழிவுத்தொட்டிக்குள் சடையன் இறந்துபோனதற்குச் செல்லமுத்து மேஸ்திரியின் கவனக்குறைவே காரணம் என்று அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவரோ, எல்லாம் ஜப்பான்காரன் முறையால் வந்த வினை என்று சொல்கிறாராம். பேருந்து நிலைய டீக்கடையிலும் அதே பேச்சு. "ஜப்பான்காரன் சட்டம் போட்டு மலைக்காரன் ஒருத்தன சாவடிச்சிட்டான்யா" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் தலையை ஆட்டுகிறார். இரண்டுமே சரியில்லை. மேஸ்திரிமேல் பழி விழுவதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. முறையின்மேல் பழி விழுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன்.

என் பெயர் கொளஞ்சியப்பன். திருநாவலூர்ப் பக்கம். அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்துக் கரும்பு வைக்கிறவர். டிப்ளமோ முடித்துவிட்டு, கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் ஜமால் முகமது பாயின் மரவள்ளி மாவு ஆலையில் சேர்ந்தேன். கல்வராயன் மலையிலிருந்து லாரியில் கிழங்கு வரும். கழுவி, தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படியும் மாவைக் களத்தில் காயவைப்போம். மிச்சத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பின்பக்கம் இருக்கும் கழிவுத்தொட்டிக்குப் போகும். அதன் நாற்றம் அன்றைக்கு உங்களுக்கும் அடித்திருக்கும்.

நான் சிறுவயதிலிருந்தே எதையும் உறுதியாக நம்ப முடியாதவன். கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். செய்தது சரியா என்று ராத்திரி நாட்குறிப்பில் எழுதிப் பார்ப்பேன். எழுதிய பிறகும் சந்தேகம் போகாது. அப்படிப்பட்டவனுக்குத் தாஹிரா டீச்சரின் மாலை வகுப்பு ஒரு பிடிமானமாக இருந்தது. அவர் திருமணத்துக்கு முன்பு சென்னைப் பக்கம் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். இப்போது கள்ளக்குறிச்சியில் மாமனார் வீட்டுப் பாத்திரக் கடையின் மாடியில் ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கிறார். வெளிநாட்டு வேலை தேடும் பையன்கள்தான் அதிகம். மொழியோடு வேறு சிலவும் சொல்வார். போரில் தோற்று, நகரங்கள் சாம்பலாகி, இரும்பு வாங்கக்கூடக் காசில்லாமல் இருந்த ஒரு நாடு எப்படி எழுந்தது என்று. அவர்கள் எதிரியை வெறுப்பதை விட்டுவிட்டு வீணாக்குவதை வெறுக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். வீணாகப் போவதை 'முடா' என்பார்கள். தேவைக்கு மேல் செய்வது முடா. தேவையில்லாமல் நடப்பது முடா. ஒரு மனிதன் வேலையில்லாமல் காத்து நிற்பது எல்லாவற்றையும்விடக் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற முடா.

அதைக் கேட்ட பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. திரும்பி வந்து கதவைப் பார்க்கும் பழக்கம்கூடக் குறைந்தது.

பாயின் மாவை வாங்கலாமா என்று பார்க்க ஹொரியுச்சி என்பவர் ஜப்பானிலிருந்து வந்தார். கூட மொழிபெயர்க்கத் தாஹிரா டீச்சர். ஹொரியுச்சி குளிர்சாதன அறையில் உட்காரவில்லை. நேராகக் களத்துக்குப் போனார். மோட்டாருக்கு அடியில் விரலை விட்டுத் தேய்த்து, விரலை மோந்து பார்த்தார். சுவரில் இருந்த துடைப்ப நிழலைக் கண்டதும் நின்றுவிட்டார். இதை வரைந்தது யார் என்று கேட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்தார். குனிந்து, நான் நின்ற இடத்தில் என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இதுக்குள்ளயே நில்லுங்க கொளஞ்சி," என்றார் டீச்சர். "அவரு வர்ற வரைக்கும் வெளிய வரக்கூடாது. பேசக்கூடாது, எதையும் தொடக்கூடாது. பாத்துக்கினே இருங்க, அவ்ளோதான்."

ஜப்பானில் கார் செய்கிற ஆலையில் பெரிய பொறியாளர்கள் தங்கள் இளையவர்களை இப்படித்தான் பழக்கினார்களாம். வட்டத்தில் நிற்பவன் முதலில் ஒன்றும் இல்லை என்று நினைப்பான். கால் வலித்த பிறகுதான் கண் திறக்கும்.

எனக்கும் திறந்தது. கூடை தூக்கும் பெண்கள் திரும்பி வரும்போது வெறுங்கையோடு வருவதைப் பார்த்தேன். கத்தி தீட்டும் கல் எங்கோ இருப்பதைப் பார்த்தேன். தொட்டிப் பக்கம் கந்தசாமியைப் பார்த்தேன். கழிவுத்தொட்டியின் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் சடையன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்குவார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கந்தசாமி மேலே நிற்பார். வெற்றிலை மெல்லுவார். வானத்தைப் பார்ப்பார். கயிறு ஒருமுறை இழுபட்டால் பதிலுக்கு ஒருமுறை இழுப்பார், விடாமல் நடுங்கினால் தூக்குவார். சடையன் மேலே வரும்வரை அவர் செய்தது அவ்வளவுதான்.

ஹொரியுச்சி திரும்பி வந்ததும் இதையெல்லாம் சொன்னேன். அவர் மெல்லத் தலையசைத்துக்கொண்டே கேட்டார். கந்தசாமியைப் பற்றிச் சொன்னபோதும் தலையசைத்தார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் கந்தசாமியைத் தோல் சீவும் கொட்டகைக்கு மாற்றினேன். பாய்க்கு மகிழ்ச்சி. "ஒரு ஆளு மிச்சம். வேலைய ஜாஸ்தி பண்ணு, ஆளக் கம்மி பண்ணு. இதத்தான் நானும் இத்தினி வருசமா சொல்லிக்கினு கீறேன்," என்றார்.

செல்லமுத்து மேஸ்திரிதான் குறுக்கே வந்தார். அவருக்கு என்னை முதலிலிருந்தே பிடிக்காது. நான் பயிற்சிக்காகத் தினமும் கொஞ்ச நேரம் வட்டம் போட்டு நிற்பேன். அவர் போகும்போதும் வரும்போதும் பெண்கள் கேட்கிற மாதிரி ஏதாவது சொல்லுவார். "பாருங்கடி, லட்சுமணன் சீதைக்குக் கோடு கிழிச்சிட்டுப் போன மாதிரி கிழிச்சிக்கினு நிக்கிறாரு. இன்னா ஜப்பானு, தாண்டுனா ராவணன் தூக்கிக்கினு பூடுவானா?" களம் முழுக்கச் சிரிக்கும். நான் பேசக் கூடாது என்பது விதி. அதனால் பேசவில்லை.

கந்தசாமி விஷயத்தில் அவர் பாயிடமே போய்விட்டார். "மொதலாளி, மேல நிக்கறவன் சும்மா நிக்கலீங்க. கீழ கீறவன் மூச்சக் கேட்டுக்கினு நிக்கிறான்."

"மூச்சைக் கேட்பது ஒரு வேலையா?" என்றேன்.

"டேய், நீ எப்பனா அந்தத் தொட்டில எறங்கிக்கீறியா? பேண்ட்டு மடிப்புக் கலைஞ்சிடும்னு வட்டத்துல நிக்கிற பய நீ. கயித்துக்கு ஆளு வேணுமா வாணாமான்னு உன்னக் கேட்டுக்கினு கெடக்கணுமா?"

பாய் என் பக்கம் பேசினார். சடையன் கயிற்றை அங்கே இருக்கும் இரும்புக் கம்பத்தில் கட்டிக்கொண்டு இறங்கினால் போதும் என்று முடிவாயிற்று. கம்பம் வெற்றிலை போடாது என்று பாய் சொன்னதற்கு நானும் சிரித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் ஆலையில் காலைக் கூட்டம் ஒன்று வைத்திருந்தேன். 'ஹன்செய்' என்பார்கள், தன் தவறைத் தானே எண்ணிப் பார்ப்பது. ஒவ்வொரு நாளும் ஒருவர் முன்னால் வந்து தன் தவறைச் சொல்லி, இடுப்பு வளைய வணங்க வேண்டும். அது அவனவன் தனக்குச் செய்துகொள்வது, அடுத்தவனைச் செய்ய வைப்பதில்லை என்று டீச்சர் சொல்லியிருந்தார். இங்கே யாரும் தானாகச் செய்யமாட்டார்கள் என்பதால் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அடுத்த நாள் மேஸ்திரியின் பெயரைச் சொன்னேன். அவர் நகரவில்லை. பாய் தொண்டையைச் செருமினார். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருக்கும் மனிதர், வேலையை விட முடியாது. முன்னால் வந்தார். "மாத்தத்துக்குக் குறுக்கால நின்னேன். தப்பு," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். இன்னும் கொஞ்சம் குனியுங்கள் என்றேன். குனிந்தார். அன்று களத்தில் யாரும் சிரிக்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் அன்றைக்கு நாட்குறிப்பில் எழுதவில்லை. எழுதாமல் தூங்கிய ஒரே நாள் அது.

சடையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளிமலைக்கு அப்பால் அவர் ஊர். கிழங்குப் பருவத்தில் மனைவி இருசம்மாளோடு இறங்கி வந்து, ஆலைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் தங்குவார். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரும் என்னை 'ஜப்பான் தம்பி' என்றுதான் கூப்பிட்டார். ஆனால் அவர் சொல்லும்போது அதில் கிண்டல் இருக்காது. அதுதான் என் பெயர் என்றே நினைத்தாரோ என்னவோ. ஆள் இல்லாமல் சில தடவை இறங்கினார், ஏறினார். ஒவ்வொரு தடவையும் அவர் தலை வெளியே தெரியும்போது நான் சொன்னது சரி என்று ஆயிற்று.

இதற்கிடையில் ஹொரியுச்சி மறுபடியும் வரப்போவதாகச் செய்தி வந்தது. ஆலையில் நடந்த மாற்றங்களைப் பார்ப்பார். மனத்துக்குப் பிடித்தால் ஓர் ஆளை ஓர் ஆண்டுப் பயிற்சிக்கு ஜப்பானுக்கே அழைத்துப் போவார். பாய் என் பெயரைச் சொல்லியிருந்தார். அப்பாவிடம் சொன்னதுதான் தாமதம், அவர் ஊரில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டார். நிலத்துக்காரர் வீட்டு வாசலில் நின்று, "எம்மவன் பிளேன்ல பூடுவான், உங்க மவன் உளுந்தூர்ப்பேட்டையில நின்னுக்கினு கெடப்பான்," என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். தோற்றுத் திரும்புவதற்கு எனக்கு ஊர் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். கயிற்றுக்கு ஆள் தேவை என்பது எனக்குத் தெரியாது என்றுதான் முதலில் உங்களிடம் சொல்வதாக இருந்தேன். தெரியும். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு டீச்சரிடம் பொதுவாகக் கேட்பது போல ஒருமுறை கேட்டேன். அவர் கையில் இருந்த டஸ்டரைக் கீழே வைத்துவிட்டார்.

"கொளஞ்சி, தொட்டிக்குள்ள ஆளு எறங்குனா வெளிய ஒரு ஆளு இருந்தே ஆவணும். ஜப்பான்ல அது சட்டம். அவனுக்கு வேற வேலையே குடுக்க மாட்டாங்க. அது முடா இல்ல. நீங்க அந்தக் கயித்துக்காரர எடுத்துட்டீங்களா இன்னா?"

"அன்றைக்கு ஹொரியுச்சி தலையசைத்தாரே டீச்சர்."

"ஐய, அவங்க தலையாட்டுனா கேட்டுக்கினு கீறேன்னு அர்த்தம். சரின்னு அர்த்தம் இல்ல. வட்டத்துல நின்னு பாத்தா மட்டும் போதுமா? பாத்துட்டு அந்த ஆளாண்ட போயி, ஏன் நிக்கிறீங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நாளைக்கே ஆள் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேருந்தில் யோசித்தேன். ஆளைத் திரும்பப் போடுவது எளிது. ஆனால் காலைக் கூட்டத்தில் என் பெயரை நானே கூப்பிட வேண்டும். அதே களத்தில், அதே பெண்கள் முன்னால், மேஸ்திரி கைகட்டி நின்று பார்க்க, நான் குனிய வேண்டும். ஹொரியுச்சியிடம் பாய் பெருமையாகச் சொல்லியிருந்த மாற்றங்களில் முதலாவது அதுதான். வருகை முடியட்டும், அதற்கு அடுத்த நாள் கந்தசாமியைச் சத்தமில்லாமல் பழைய இடத்தில் நிறுத்திவிடலாம் என்று தீர்மானித்தேன். இப்போது யோசித்தாலும் அது தவறான தீர்மானமாகத் தெரியவில்லை. சில நாட்களைக் கடத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வருகை நாளன்று காலையில் வாய்க்கால் அடைத்துக்கொண்டது. புளித்த தண்ணீர் எதிர்த்து வந்து களத்தின் ஓரத்தில் நின்றது. முந்தின நாளே அலம்பிக் கோலம் போட்ட களம். மேஸ்திரி ஆலையில் இல்லை. விருந்தினருக்குப் பிரியாணி வாங்கிவரப் பாய் அவரைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பியிருந்தார். நான்தான் சடையனைக் கூப்பிட்டேன்.

அவர் தொட்டி மூடியைத் திறந்துவிட்டுச் சற்று எட்டி நின்றார். "இன்னிக்கி வாடை வேற மாதிரி கீது தம்பி. கந்தசாமி அண்ணன கொஞ்சம் வரச் சொல்றியா?"

"கொட்டகையில் வேலை ஓடுகிறது."

"இல்ல, மூடியத் தொறந்து போட்டுட்டுக் கொஞ்ச நேரம் வுட்டுட்டு எறங்கறன்."

"கார் வந்துவிடும் சடையன். கம்பத்தில் கட்டிக்கொண்டு இறங்குங்கள், எப்போதும் போல."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு கயிற்றை எடுத்தார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். "இருசா சோறு எடுத்தாந்தா இங்க வெச்சுட்டுப் போவச் சொல்லு தம்பி," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் களத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு உள்ளே நின்றேன். ஹொரியுச்சி வரும்போது என்னை அந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தேன். அங்கிருந்து தொட்டியின் வாய் நன்றாகத் தெரியும். மற்றவர்கள் எல்லோரும் முன்பக்கத்தில் இருந்தார்கள்.

கயிறு முதலில் தளர்ந்து கிடந்தது. பிறகு ஒருமுறை இழுபட்டது. அதற்கு, மேலே இருப்பவர் ஒருமுறை இழுத்துப் பதில் சொல்ல வேண்டும். கம்பம் பதில் சொல்லவில்லை. பிறகு கயிறு வெட்டி வெட்டி இழுபட்டது. பிறகு விடாமல் நடுங்கியது. நடுங்கினால் தூக்கு என்று அர்த்தம். அது அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த ஏற்பாடு. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வட்டத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

அப்போது என் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். தெளிவாக இருந்தது. நான் ஒரு சத்தம் போட்டால் கந்தசாமி ஓடி வருவார், தூக்குவார், சடையன் பிழைத்துக்கொள்வார். ஆலை முழுக்கக் கூடும். ஏன் மேலே ஆள் இல்லை என்று ஒரு குரல் கேட்கும். அந்த நேரம் பார்த்துக் கார் உள்ளே வரும். அதற்குப் பதிலாக, சடையன் தானாகவே ஏறி வந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை. இதற்கு முன்பு அவர் தானாக ஏறி வந்தவர்தான். நான் அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, ஐயா. அவர் ஏறி வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு அவகாசம் கொடுத்தேன்.

இருசம்மாள் தூக்குப் போசியோடு வந்தார். தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். "அவரு எங்க தம்பி? சோறு ஆறிப்போவுது."

"கிழங்கு லாரி வந்திருக்கிறது அக்கா. இறக்கப் போயிருக்கிறார்."

அவர் தோளுக்கு மேலாகக் கயிறு எனக்குத் தெரிந்தது. அவர் வாசல் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "அங்க லாரியே இல்லியே. ஏன் தம்பி, சாமி வந்தவன் கணக்கா நிக்கற? மொகமெல்லாம் வேக்குது பாரு. தண்ணி வேணுமா?"

"வேண்டாம் அக்கா. கார் வருகிற நேரம். மாவின்மேல் துணி விரித்துவிடுங்கள், தூசி விழும்."

"அவர எங்கனா பாத்தா சோறு இங்க கீதுன்னு சொல்லு," என்று போசியை வட்டத்தின் ஓரமாக வைத்துவிட்டுப் போனார். வைக்கும்போது கோட்டை மிதிக்காமல் வைத்தார்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. திறந்த தொட்டி என்பது எந்த ஆய்விலும் முதல் குறை. நான் வட்டத்தைவிட்டு வெளியே வந்தேன். அன்று அந்த ஒரே முறைதான் வந்தேன். மூடி கனமான இரும்பு. தனியாளாக நகர்த்துவது சிரமம். கயிறு இடுக்கில் மாட்டிக்கொண்டால் மூடி சரியாக உட்காராது. அதனால் கம்பத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை உள்ளே போட்டேன். அப்போது கயிறு அசைந்துகொண்டிருந்ததா என்று கேட்டால், அசைந்தது. முன்பைவிடக் குறைவாக. மூடியை இழுத்துவிட்டேன். சத்தம் வந்தது, மோட்டார் ஓடியதால் யாருக்கும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, போசியையும் ஓர் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, வட்டத்துக்குள் வந்து நின்றேன்.

ஹொரியுச்சி என்னைப் பார்த்ததும் வணங்கினார். நான் இன்னும் ஆழமாக வணங்கினேன். சடையன் அடைப்பை எடுத்திருக்க வேண்டும், ஓரத்தில் நின்ற தண்ணீர் வடிந்திருந்தது. களத்தைச் சுற்றி வந்தார்கள். தொட்டிப் பக்கம் நின்று, மழைக்காலத்தில் மாவை எப்படிக் காயவைப்பீர்கள் என்று பாயிடம் விசாரித்தார். அதை மொழிபெயர்த்த பிறகு டீச்சர் என் அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கயித்துக்கு ஆளு போட்டீங்களா?"

"போட்டாச்சு டீச்சர்."

"எங்க அவரு?"

"சாப்பிடப் போயிருக்கிறார்."

அவர் போசியைப் பார்த்தார். பிரியாணி வந்தது. ஹொரியுச்சி கையாலேயே சாப்பிட்டார், எல்லோரும் கைதட்டினார்கள்.

கார் போன பிறகு இருசம்மாள்தான் ஒவ்வொரு கொட்டகையாகத் தேடினார். மேஸ்திரி கம்பத்தைப் பார்த்தார், கயிறு இல்லை. ஓடிப்போய் மூடியைத் தூக்கினார். வேறு கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கந்தசாமியிடம் முனையைக் கொடுத்துவிட்டு இறங்கினார். சடையன் உடம்பைக் கட்டி மேலே அனுப்பிவிட்டு, அவரும் உள்ளேயே மயங்கிச் சரிந்தார். கயிறு கனத்ததில் கந்தசாமிக்குக் கையிலேயே தெரிந்துவிட்டது. கத்திக்கொண்டே இழுத்துப் போட்டார். மேஸ்திரி வாந்தி எடுத்து, மூச்சு வந்து எழுந்து உட்கார்ந்தார். மேலே ஓர் ஆள் இருந்ததால்தான் அவர் பிழைத்தார் என்று இதைக் காட்டிப் பேசுகிறார்கள். அது வேறு. மூடி திறந்து கொஞ்ச நேரம் ஆகிவிட்டது; காற்று மாறியிருக்கும். இரண்டையும் ஒப்பிடுவது சரியான ஆய்வு ஆகாது.

உடம்பை மலைக்குக் கொண்டுபோன ஜீப்பில் ஏறும்போது இருசம்மாள் என்னைப் பார்த்து, "தேடிக்கினு வந்தன், நீ லாரிக்குப் போயிருக்காருன்னியே தம்பி," என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் அழுகையில் அதைக் கவனிக்கவில்லை. நான் அப்படித்தான் நினைத்தேன் அக்கா என்றேன். அவர் என்னை நம்பினார் என்று நினைக்கிறேன்.

ஜப்பானிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. இப்போது வந்தாலும் போக முடியாது என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச வரவில்லை. மேஸ்திரியை விட்டுவிடுங்கள், அவர் அந்த நேரத்தில் ஆலையிலேயே இல்லை. முறையையும் விட்டுவிடுங்கள், டீச்சரைக் கேட்டால் அது என்ன சொல்கிறது என்று சொல்லிவிடுவார். சடையனை இறக்கியது நான். கயிறு நடுங்கியதைப் பார்த்தது நான். தேடி வந்த மனைவியைத் திருப்பி அனுப்பியது நான். உயிர் இருக்கும்போதே கயிற்றை அவிழ்த்து, மூடியைப் போட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் மேலே ஆள் இல்லாததால் சடையன் செத்தார் என்று மட்டும் எழுதாதீர்கள். அது உண்மை இல்லை. அன்றைக்கு மேலே ஓர் ஆள் நின்றுகொண்டுதான் இருந்தான். இளவயது, நல்ல கண், கயிறு என்ன சொல்கிறது என்று தெரிந்தவன், கூப்பிடு தூரத்தில் நின்றான், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தான். கீழே இருந்தவருக்கு அதனால் என்ன பயன், சொல்லுங்கள். மேலே ஓர் ஆளை நிறுத்துவது வீண் என்று நான் சொன்னது சரிதான், ஐயா.